வாடகை குறைவு

மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்றுதான்
எல்லா வீட்டிலும் முதலில் கேட்டேன்.
ஹசிந்தாவுக்கு வேலை கிடைத்த ஊர்.
வரைபடத்தில் அதற்குக் கீழே
கொஞ்சம் தீவுகள், பிறகு பனி.

மூன்று நாள் கெடு. ஐந்து வீடு.
தரகன் உலிசெஸ் காரின் கதவை
இரண்டு கையாலும் பிடித்துத்தான் திறப்பான்.
"போன மாதம் ஒரு கதவு போய்விட்டது" என்றான்,
ஆட்டுக்குட்டி ஓடிப்போனதைச் சொல்வது போல.
பூந்தா அரேனாஸில் பெருங்காற்று நாட்களில்
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருவில் கயிறு கட்டுவார்களாம்.
நான் போனபோது கயிறு இல்லை.
கொக்கிகள் இருந்தன.

முதல் வீடு மருத்துவமனைக்குப் பின்தெரு.
ஆம்புலன்ஸ் சமையலறைக்குள்ளேயே வந்து நின்றது போல் அலறியது.
வசதிதானே, என்றான்.
புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில் ஈரம்.
இரண்டாவது, ஏழாம் மாடி.
ஜன்னல் நிறைய நீரிணை,
நடுவில் அசையாத ஒரு சரக்குக் கப்பல்.
வாடகையைக் கேட்டதும் ஜன்னலை விட்டு விலகிவிட்டேன்.

மூன்றாவது வீட்டுக்காரி ஒரு தாளை நீட்டினாள்.
அதில் ஒரு கட்டம்: கணவர் தொழில்.
பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன் என்று எழுதினேன்.
கட்டம் போதவில்லை.
கடைசி எழுத்துகள் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தன.
யஸ்னா குசானோவிச் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினாள்.
"இந்த ஊரில் பியானோ எத்தனை இருக்கும்?"
தெரியாது என்றேன்.
அவளே விரல் விட்டாள்.
பள்ளியில் ஒன்று. தேவாலயக் கூடத்தில் ஒன்று.
குரோஷியர் மன்றத்தில் இரண்டு.
செத்துப்போன பல் டாக்டர் வீட்டில் ஒன்று,
அதன்மேல் இப்போது மீன்தொட்டி.
ஒரு கையோடு முடிந்துவிட்டது.

வால்பரைசோவில் என் நோட்டில்
நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.
மனைவிக்கு வேலை.
ஓ, நல்லது, என்றார்கள்.
ஒருவர் மட்டும், "அப்போ என் ஃபா?" என்றார்.
அவர் பியானோவில் ஒரு ஃபா
மழை நாளில் அழுந்தினால் எழுந்திருக்காது.

இரவு விடுதியிலிருந்து
ஐந்து வீட்டையும் ஹசிந்தாவிடம் ஒப்பித்தேன்,
கிலோமீட்டர் கணக்கோடு.
கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:
"எனக்கு இரவுப் பணி. வந்தால் தூங்குவேன்.
அந்த வீட்டில் விழித்திருக்கப் போகிறவன் நீ.
எனக்காக வீடு பார்க்காதே."
அன்பாகத்தான் சொன்னாள்.
எனக்கு என்னவோ
பிடித்திருந்த கயிறு கையைவிட்டுப் போனது போலிருந்தது.

மறுநாள் தனியாக, திரும்பவும்
நாலாவது வீட்டுக்குப் போனேன்.
ஊர் முடிகிற இடம். தகரக் கூரை.
பச்சைப் பெயின்ட், பாதி உரிந்தது.
பேருந்தில் நாற்பது நிமிடம், நடுவில் ஒருமுறை மாற வேண்டும்.
வெறும் கூடத்தில் நின்றேன்.
புகைபோக்கிக்குள் காற்று
ஒரே சுரத்தைப் பிடித்து நின்றுகொண்டிருந்தது.
சோலுக்கு ஒரு மயிரிழை கீழே.
பையிலிருந்து இசைக்கவையை எடுத்து
முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்துப் பார்த்தேன்.
ஆமாம், மயிரிழைதான்.
இருபது நிமிடம் நின்றிருப்பேன்,
யாரோ வேலைக்குக் கூப்பிட்டு வந்தவன் போல.
முன்பணம் கட்டிவிட்டேன்.

குடிவந்து ஆறு நாள் ஆகிறது.
பகல் பதினொரு மணி. ஹசிந்தா
தலையணையைக் காதோடு அமுக்கிக்கொண்டு கேட்டாள்,
"இந்த வீட்டைப் போய் ஏன் பிடித்தாய்?"
அவள் கோட்டுப் பையில் பஸ் டிக்கெட்டுகள் பிதுங்கின.
வாடகை குறைவு, என்றேன்.
"எவ்வளவு குறைவு?"
தொகையைச் சொன்னேன்.
ஒன்றும் சொல்லாமல் புரண்டு படுத்தாள்.
மேலே அது நின்றுகொண்டே இருந்தது.

நாளைக்குப் பல் டாக்டர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.
மீன்தொட்டியை இறக்க
இரண்டு ஆளாவது வேண்டியிருக்கும்.