பம்புக்காரன் கணக்கு

லோயாங்கில் வடிகாலுக்கு வெட்டிய குழி
இப்போது ரொஸ்னானியின் கையில்.
நூல் கட்டிச் சதுரம் பிரித்து
சிறு கரண்டியால் சுரண்டுகிறாள்.
தண்ணீர் இறைப்பது என் வேலை.

முதல் மூன்று மீட்டர்
விலைக்கு வாங்கிக் கொட்டிய மணல்,
அதற்கு என்னைவிட வயது குறைவு.
பிறகு கறுத்த சேறு.
சேற்றில் மட்டி ஓடு, ஓட்டின்மேல் ஓடு,
இடுப்பளவுக்கு.
நடுவே சாம்பல், மீன்முள்,
ஒரு பக்கம் தேய்ந்த கல்.

"நாலாயிரம் வருசத்துக் குப்பை" என்றாள்,
தங்கம் கிடைத்தவள் குரலில்.

நேற்று மத்தியானம் ஒரு கூத்து.
கிரேன் ஓட்டும் பூன் கியாட்
தின்று எறிந்த மட்டி ஓடு
சல்லடையில் ஏறி, பைக்குள் விழுந்து
எண்ணும் வாங்கிவிட்டது.
சம்பல் வாசனைதான் காட்டிக்கொடுத்தது.
சிரித்தோம்.
"கழுவியிருந்தால் தெரிந்திருக்காது" என்றாள்.
அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று.
கடல் முக்கால் கிலோமீட்டர் தள்ளி.
இடையில் சாலை, கிடங்கு, முள்வேலி.
என்றாலும் குழியில் நீர் ஏறுகிறது,
இறங்குகிறது,
நாளுக்கு ஐம்பது நிமிடம்
பிந்திப் பிந்தி.
டீசல் புத்தகத்தைப் புரட்டினால்
வரிசையாக நிற்கிறது,
என் கோணல் கையெழுத்தில்.

காரணம் என்ற கட்டத்தில்
இத்தனை நாள் மழை என்று எழுதி வந்தேன்.
வெயில் கொளுத்திய நாளிலும் மழை.
இன்று அதை அடித்துவிட்டு
ஓதம் என்று எழுதினேன், தமிழில்.
மேலாளர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை குழியை மூடுகிறார்கள்.
பம்பு தெம்பனிசுக்குப் போகிறது, நானும்.
அன்றைக்கு நீர் ஏறும் நேரம்
காலை பதினொன்று இருபது.