காரணம்: காற்று

என் மேசையில் இரண்டு பேனை, ஒரு பென்சில்.
திகதி பென்சிலால்தான்.
பேனையால் எழுதினதை வெட்டினால்
கணக்காய்வில் விளக்கம் கேட்பார்கள்.
பென்சிலை அழித்தால்
தாள் மட்டும் கொஞ்சம் மெலியும்.
பதினொரு வருசம், எட்டுக் கொப்பி.
சில பக்கங்களில் மறுபக்கம் தெரியும்.

எண்டோஸ்கோப்பி அறைக்குக் குழாய் இரண்டு.
ஒன்று எப்போதும் கொழும்பில், திருத்த.
மற்றது நாளுக்குப் பதினாலு வயிறு பார்க்கும்.
துண்டோடு வருகிறவர்கள் இருபதுக்குக் குறையாது.
மிச்சக் கணக்கை நீங்களே பாருங்கோ,
நான் பார்த்துப் பார்த்து
நாலு மாதத்தில் வந்து நிற்கிறேன்.

ஜனவரி கடைசியில் மரியநாயகி வந்தா.
நெடுந்தீவு. ஐம்பத்தெட்டு. வயிற்றெரிவு.
மே இருபத்தொன்பது என்று எழுதிக் கொடுத்தேன்.
"காலமை எட்டு மணி.
முதல்நாள் இரவு பத்துக்குப் பிறகு
ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது."
"தண்ணியும் குடிக்கேலாதோ?"
"தண்ணியும்."

கொப்பியில் அது மே.
கடலில் அது வைகாசி. சோளகம் எழும்பும்.
எனக்கது தெரியாது.
நான் கோண்டாவில். கிணற்றில்தான் தண்ணீர் பார்த்து வளர்ந்தவன்.

இருபத்தொன்பதாம் திகதி, ஏழுக்குப் பத்து நிமிசம்,
போனில் முதலில் இரைச்சல், பிறகு அவ:
"தம்பி, துறையில நிக்கிறன்.
படகு வெளிக்கிடாதாம்.
இராத்திரியில இருந்து ஒன்றும் குடிக்கேல்லை."
அதற்கு என்ன சொல்வது.
"இப்ப குடியுங்கோ" என்றேன்.

எட்டு மணிக்கு இடம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது.
கொக்குவில் தில்லைநடராசாவுக்கு அடித்தேன்,
ஓகஸ்ட்காரர், இன்னும் தேத்தண்ணி குடிக்கவில்லையாம்.
இருபது நிமிசத்தில் சைக்கிளில் வந்து
வேர்வையோடு கதிரையில் இருந்தார்.
நல்ல மனுசன். அவரில் ஒரு பிழையும் இல்லை.
தூரத்தில் இருப்பவரின் திகதி
கிட்ட இருப்பவருக்குப் போகிற வழி அதுதான்,
ஒருவரும் களவெடுக்காமல்.

வராதவர் வரிசையின் வாலுக்கு. அது சட்டம்.
"காரணம்" என்ற கட்டத்தில்
"வரவில்லை" என்று எழுத வேணும்.
அவ துறையில் நின்றாவே.
"காற்று" என்று எழுதினேன். பேனையால்.

டொக்டர் சிந்துஜன் பக்கம் புரட்டினார்.
"காற்று எண்டா? வாயுவோ?"
"இல்லை சேர். சோளகம்."
சிரிப்பார் என்று நினைத்தேன்.
"எத்தனை காற்று இருக்கு?" என்று கேட்டார்.

பழைய கொப்பிகளை எடுத்து எண்ணினோம்.
நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு:
"வரவில்லை" முப்பத்தொன்று.
அதிலே எட்டு மணித் திகதி இருபத்தேழு.
முதல் படகும் பஸ்ஸும் ஓடி முடிய ஒன்பதரை.
அந்த இருபத்தேழையும்
என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தேன்.

இப்போது கடைசித் தாளில் ஒரு அட்டவணை:
ஊர், முதல் பஸ், படகு, எந்த மாதம் எந்தக் காற்று.
தீவார் பத்தரைக்குப் பிறகு.
வைகாசி தொடங்க முதல், முடிந்தவரை.
செவ்வாயில் இரண்டு இடம் பெயரில்லாமல்.
மேலிடத்தில் கேட்டார்கள்,
ஏன் வெறுமையாக விட்டிருக்கு என்று.
வெறுமை இல்லை, கடலுக்கு என்றேன்.
இன்னும் பதில் கடிதம் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கு மரியநாயகி
முதல்நாளே வந்து குருநகரில் பெறாமகள் வீட்டில் படுத்தா.
பத்தரைக்கு ஆயத்தம்.
பத்து இருபதுக்கு வார்டிலிருந்து ஒரு பெடியன்,
இரத்தமாய்ச் சத்தியெடுத்தபடி, தள்ளுவண்டியில்.
அட்டவணையில் அவனுக்குக் கட்டம் இல்லை.

பதினொன்றுக்கு யன்னலடியில் வந்து கேட்டா,
"தண்ணி?"
தலையாட்டினேன், இல்லை என்று.
பன்னிரண்டரைக்கு ஒன்றும் கேட்கவில்லை,
பார்த்தா மட்டும்.

ஒன்றரைக்கு உள்ளே போய்
இரண்டுக்குப் பத்து இருக்க வெளியே வந்தா.
ஒரு புண்தானாம், மருந்தில் மாறுமாம்.
கையில் போத்தல், மூடி ஏற்கெனவே திறந்தபடி.
"இனிக் குடிக்கலாம் என்ன?"

தொண்டைக்கு விறைப்பு மருந்து அடித்திருக்கிறார்கள்.
"இன்னும் அரை மணித்தியாலம், அக்கா."

மூடியைத் திருப்பிப் பூட்டிக்கொண்டு
மணிக்கூட்டைப் பார்த்தா,
தண்ணிக்கோ, பின்னேரப் படகுக்கோ.