தெற்குவாடிக் குழுவில் சேர்ந்தவருக்கு

நாலு ஒன்று எட்டு என முடியும் எண்ணுக்குரியவரே,
வணக்கம்.
நேற்றிரவு பதினொன்றே காலுக்கு உள்ளே வந்தீர்கள்.
வந்ததும் ஒரு ரோஜாப்பூ போட்டீர்கள்,
பனித்துளியோடு.

முதலில் பெயரைச் சொல்லுங்கள்.
பாம்பனில் பெயரோடு படகையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.
படகில்லாதவர் பிழைப்பைச் சொன்னால் போதும்.
நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு.
யார் எத்தனை பார் கடன் என்று எனக்குத் தெரியும்,
குழுவில் சொல்லமாட்டேன்.
அதுவும் ஒரு விதிதான்.

ரோஜாப்பூ வேண்டாம். கோபமில்லை.
குந்துகால் தாண்டித் தெற்கே போனால்
சிக்னல் ஒரு கோடு,
சில நேரம் அந்தக் கோடும் அலைக்குள் போய்விடும்.
அந்த ஒரு கோட்டின் வழியே
உங்கள் பூ இதழ் இதழாக இறங்கி முடிக்கும்வரை
‘காத்து மாறுது, வலையை ஏத்து’ என்ற வரி
வெளியே காத்து நிற்கும்.

குரல் அனுப்புகிறவர்கள்
எஞ்சினை அமர்த்திவிட்டுப் பேசவும்.
கலந்தர் அனுப்பிய நாலு நிமிடத்தில்
மூன்றரை நிமிடம் எஞ்சின்,
மிச்சம் இருமல்.
நாங்கள் யாரும் முழுக்கக் கேட்கவில்லை.
ஆத்திக்கா மட்டும் ரெண்டு தரம் கேட்டாளாம்.
முந்தாநாளைக்கு இருமல் தேவலையாம்.
(அப்படியானால் கலந்தருக்கு மட்டும் விலக்கு.)

தமிழில் பெரிய எழுத்து கிடையாது,
ஆகவே நம்மவர் ஆச்சரியக்குறியால் கத்துகிறார்கள்.
டீசல் மானியம் வராத மாதம்
நம்புராசன் பதினேழு போட்டார். எண்ணினேன்.
குறைக்கச் சொல்ல வாயெடுத்து
என் கணக்கேட்டில் அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
பதினேழும் இருக்கட்டும்.

சண்டை வந்தால் தனியே எழுதிக்கொள்ளுங்கள்.
நூற்று நாற்பத்து மூன்று பேர் முன்னால்
ஒருவனை நண்டுக் கள்ளன் என்றால்
மறுநாள் அவன் வலையே காட்டினாலும்
நூற்று நாற்பது பேர் பார்க்க வரமாட்டார்கள்.

இனி சொல்லப்போவதில் சிரிப்பில்லை.

போன ஐப்பசி, ஒரு சனிக்கிழமை விடியல்.
‘அருளானந்தம் படகு கவுந்துருச்சு.’
யாரோ சொல்லி, யாரோ எழுதி,
எங்கெங்கோ கைமாறி
இங்கே வந்து விழுந்தது.
அவன் மகள் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
ஒரு பக்கம் பின்னி முடித்து
மறுபக்கம் தொடங்குமுன்
அம்மாவின் போன் ஒலிக்க
அவள்தான் எடுத்துப் படித்தாள்.

படகு கவிழவில்லை.
நங்கூரக் கயிறு அறுந்து
முயல்தீவுப் பக்கம் ஒதுங்கியிருந்தான்.
மத்தியானம் கரையேறினான், பசியோடு,
ஒரு கூடை காரலோடு.

செய்தியை அழித்தாயிற்று.
‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’
என்று ஒரு சாம்பல் வரி மட்டும்
மேலே போனால் இன்னும் கிடக்கிறது.
ஒற்றைச் சடையோடு, செருப்பில்லாமல்
பாலத்தடி வரைக்கும் ஓடினாளே,
அதை நீக்க
நானும் தேடிப்பார்த்தேன்,
எந்த இடத்தில் அழுத்தினாலும் போகவில்லை.

அழித்தது நான்தான்.
அனுப்பியவர்தானே அழிக்க முடியும்.

அன்றிலிருந்து இங்கே
எந்தச் சேதியும் ஒரு வார்த்தையோடு முடியவேண்டும்:
கண்டேன்,
அல்லது கேட்டேன்.
படகின் பெயர் என்றால்
வீட்டுக்கு ஆள் போய்ச் சேர்ந்த பிறகே.
விதி எழுதியவர் யோக்கியரா என்று கேட்காதீர்கள்.
பாறையில் மோதியவன் சொன்னால்தான்
பாறை இருக்கும் இடம் சரியாக வரும்.

அவ்வளவுதான். பெயரைப் போடுங்கள்.
ரோஜாவை விட்டுவிடுகிறேன், கிடக்கட்டும்,
யாரோ இதயம் வேறு போட்டிருக்கிறார்கள்.

இன்றிரவு வாடை திரும்பும் என்கிறார்கள்.
கேட்டேன்.
ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்,
இன்னும் காணவில்லை.