எட்டாவது நொடி

வானொலியில் மௌனத்துக்கு எட்டு நொடி கெடு.
எட்டாவதில் யாரும் தொடாமலே
கணினி விழித்துக்கொண்டு
பிரியாணி அரிசி விளம்பரம் போட்டுவிடும்.
மறுநாள் மேசையில் மெமோ இருக்கும்.
பதினோரு வருடத்தில் எனக்கு இரண்டு.
ஒன்று, அடக்க முடியாத தும்மலுக்கு.
மற்றது, வானிலை வாசிக்கையில்
ஈரப்பதம் தொண்ணூறு சதவீதம் என்ற இடத்தில்
காரணமே இல்லாமல் சிரிப்பு வந்ததற்கு.

ஜோவிட்டா என்ற பேர் ஜிங்கிளில் உட்காரவில்லை.
ஜோ ஆனேன்.
காலை ஐந்திலிருந்து ஒன்பது.
ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குப் போகிற சாலையில்
பம்பரோடு பம்பர் நிற்பவர்களுக்கு
முகமில்லாத ஆள்.
"அல் நஹ்தா பக்கம் ஒரு வண்டி நிக்குது,
நீங்களும் நின்னுக்கோங்க" என்பேன்.
அதற்கும் சிரிப்பார்கள்.
நிற்கிறவனுக்கு வேறென்ன வேலை.

வெள்ளி இரவு
பர் துபாய் ஹோட்டல் ஒன்றின் மூன்றாம் மாடி.
கார்ப்பெட்டில் போன வாரத்து பீர்.
மிக்ஸரில் இடது ஃபேடர் கரகரக்கும்.
அங்கே மௌனத்துக்குக் காசு.
தாளத்தை ஏற்றி ஏற்றிக் கொண்டுபோய்
உச்சியில் சட்டென்று அறுக்க வேண்டும்.
ஒரு நொடி. ஒன்றரை.
தூக்கிய கைகள் தூக்கியபடி.
பேஸ் திரும்ப விழும்போது
தரைக்கே மூச்சு வரும்.
அந்த ஒன்றரை நொடிக்குத்தான்
வாசலில் நூறு திர்ஹம் வாங்குகிறோம் என்றேன்
மேனேஜர் பினோயிடம்.
"லேடீஸுக்கு ஃப்ரீ" என்றான்.

சோனாப்பூர் பேருந்திலிருந்து ஒருவர்
வாட்ஸப்பில் குரல் அனுப்புவார்.
பேர் கேட்டால் "ஸ்கஃபோல்டிங்" என்பார்.
பாட்டு எதுவும் கேட்க மாட்டார்.
ஒருநாள் வந்ததில் பேச்சே இல்லை.
இரும்புக் குழாயில் ஸ்பேனர்:
ட டட்ட ட
ட டட்ட
         ட
அந்தக் கடைசி அடி மட்டும் பிந்தி வருகிறது.
பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கிற பீப்,
உருதுவில் யாரோ யாரையோ திட்டுகிறார்.

கராமா வீட்டின் துணி அலமாரிதான் என் ஸ்டூடியோ.
தொங்கும் சுடிதார்களுக்கு நடுவே
ஆறு வாரம் அந்தக் குழாயோடு கிடந்தேன்.
பிந்தும் அடியை இழுத்து
கோட்டில் நேராக நிறுத்திப் பார்த்தேன்.
செத்துவிட்டது.
அன்டூ. அன்டூ. அன்டூ.
திரும்ப நொண்டியது, உயிர் வந்தது.

பாட்டின் கீழே பேர் போட வேண்டும் என்றபோதுதான்
இசக்கிப்பாண்டி என்று சொன்னார்.
முதல் வரவு நாற்பத்தொரு திர்ஹம்.
பாதியை எப்படி அனுப்ப என்றேன்.
"ரீசார்ஜ் போட்டு விடுங்க மேடம்.
அந்த அடி, கை வேர்த்து வழுக்கினது.
வேணும்னு அடிக்கல."

ஜுமைரா கடற்கரை கிளப்பில்
எங்கிருந்தோ பறந்து வந்த பெரிய டிஜே
ஒரு ராத்திரி அதைப் போட்டாராம் என்று
பினோய் போன் செய்தான்.
மறுவாரமும் போடுவார் என்று போனேன்.
செருப்பு சரியில்லை என்று உள்ளே விடவில்லை.
பார்க்கிங்கில், யாருடைய காரிலோ சாய்ந்து
சுவர் வழியாகக் கேட்டேன்.
சுவர் எல்லாவற்றையும் தின்றுவிட்டு
பேஸையும் பிந்துகிற அடியையும்
மட்டும் வெளியே விட்டது.
பீப் கூட இல்லை.

மே மாதம் அலைவரிசை கைமாறியது.
வேறு மொழி, வேறு முதலாளி.
"வியாழன் கடைசி. ஆன் ஏரில் யாரும் அழ வேண்டாம்"
என்று மெயில் வந்தது.
அழுவதாக எனக்கு உத்தேசம் இல்லை.

எட்டு ஐம்பத்தெட்டுக்குப் பெட்ரோல் விலை சொன்னேன்.
அல் நஹ்தாவில் இன்றும் ஒரு வண்டி.
வணக்கம் சொல்லாமல்
மைக்கை மூடினேன்.

ஒன்று.
இரண்டு.
எத்தனை பேர் ரேடியோவைத் தட்டினார்களோ.
நான்கு.
எத்தனை பேருக்கு
பக்கத்து வண்டியின் இன்ஜின் முதல்முறை கேட்டதோ.
ஆறு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் ஜெனிஷ்
இரண்டு கையையும் தூக்கி
என்ன என்ன என்றான்.
தூக்கிய கைகள் தூக்கியபடி.
ஏழு.

ஏழரையில் ஃபேடரை ஏற்றினேன்.
குழாயில் ஸ்பேனர் விழுந்தது.
கணினி, பாவம்,
அரிசியோடு காத்திருந்தது.