பத்துத் திருகாணி

வேன் கதவைத் திறந்ததும் மூக்குமயிர் உறைகிறது.
வின்னிப்பெக். ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
டிரம்மை ஹாலுக்குள் தூக்கி வந்ததும்
சாவியை எடுக்கக் கூடாது.
குளிர் இறங்கும்வரை அது சொல்வதெல்லாம் பொய்.
கோட்டைக் கழற்றாமல் ஒரு காப்பி,
இன்னொரு காப்பி.

யாருடைய கல்யாணம் என்று கேட்க மறந்துவிட்டேன்.
சமையலறையில்
முட்டைக்கோஸில் பொதிந்த சோறு வேகிறது.
ஓரெஸ்ட் அக்கார்டியனை மடியில் வைத்துச்
சூடேற்றுகிறான், சீக்குப் பூனையைப் போல.

தோல் என்று பழக்கத்தில் சொல்கிறோம்.
எந்த மாட்டுக்கும் இதில் பங்கில்லை.
பிளாஸ்டிக். மேலே வெள்ளைப் பூச்சு.
நடுவே பூச்சு தேய்ந்து
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் குளம்,
குளம் நிறைய குச்சி விழுந்த குழிகள்.
இதையெல்லாம் வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன்.
பார்ப்பதில் குறை வைத்ததில்லை.

நேற்று ஒரு வீடியோ வந்தது.
நவம்பரில் கிம்லியில் வாசித்த கல்யாணம்.
மணமகனின் அத்தை அனுப்பியிருந்தாள், மூன்று இதயங்களோடு.
பின்னால் யாரோ
அட்டைப்பெட்டியைப் போட்டு அடிக்கிறார்கள்.
யாரென்று படத்தைப் பெரிதாக்கினேன்.
நான்தான்.

எப்போதிலிருந்து இப்படி, ஓரெஸ்ட்?
கோடையிலிருந்து, என்றான் தலை நிமிராமல்.
சொல்லித் தொலைத்தால் என்ன?
நீ நன்றாகத்தானே வாசித்தாய், வெர்னா.

கிழிந்திருந்தால் தெரிந்திருக்கும்.
கிழிவதில் ஒரு நேர்மை உண்டு.
இது சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை
ஒரு மயிரிழை தளர்ந்தது,
நான் ஒரு மயிரிழை முறுக்கினேன்.
அது ஒரு படி இறங்கியபோதெல்லாம்
என் காதும் கூடவே ஒரு படி இறங்கியது,
மரியாதைக்கு.

சரி.
வளையத்தைக் கழற்றினால் அடியில்
குச்சித் தூள், எந்தப் பாவாடையிலிருந்தோ பறந்த ஜிகினா.
விளிம்பைச் சட்டை நுனியால் துடைத்தேன்.
புதுத் தோலைப் பொருத்தி,
திருகாணிகளை முதலில் விரலால் மட்டும்.
பிறகு சாவி:
ஒன்றைத் திருப்பினால் அடுத்தது அதன் எதிர்.
பக்கத்து வீட்டுக்குப் போனால் வளையம் கோணிக்கொள்ளும்.
கால் சுற்று. போதும். மறுபடி கால் சுற்று.
நடுவில் உள்ளங்கையை ஊன்றி அழுத்த
மடக்கென்று ஒரு சத்தம்,
காப்பிக்காரப் பெண் பதறித் திரும்பினாள்.
ஒன்றுமில்லை, பசை. படிகிறது.

ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு விரற்கடை உள்ளே
குச்சி நுனியால் தட்டிக் கேட்டேன்.
ஒன்பது பேர் ஒரே சொல்லைச் சொன்னார்கள்.
ஏழாவது, வழக்கம்போல்,
யோசித்துச் சொல்கிறேன் என்றது.

அடித்தேன்.
கணீரென்று எழுந்து, எழுந்ததோடு நிற்காமல்
நீள வாலைச் சுவரெல்லாம் இழுத்துக்கொண்டு போனது.
ஓரெஸ்ட் ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.
வெட்கமாக இருந்தது எனக்கு.
இத்தனை சத்தமாகவா
நான் உயிரோடு இருந்தேன்?

சமையலறைக் கத்தரிக்கோல் கேட்டு வாங்கினேன்.
பழைய தோலின் ஓரத்தில்
இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி,
சாம்பல் குளத்தைக் குப்பையில் போட்டுவிட்டு,
வட்டத்தைப் புதுத் தோலின் மேல் படுக்க வைத்தேன்.
வால் அறுந்தது. குரல் இருந்தது.

மணப்பெண் வந்தாள், முதல் போல்கா, இரண்டாவது.
மூன்றாவது பாட்டின் நடுவில்
வலது கை நிற்காமல் ஓட,
இடது கையால் பையைத் துழாவிச்
சாவியை எடுத்தேன்.
ஏழாவது.