நாலாம் கூண்டுக்கு எறும்பு வரவில்லை

பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம்.
உடைமரக் காட்டைத் தாண்டி எங்கள் மருந்தியல் கல்லூரி,
அதன் பின்கோடியில் எலிக்கூடம்.
வளாகத்தில் ஏசி நிற்காத அறை அது ஒன்றுதான்.
மே மாதத்தில் கணக்கர்கூட
ஏதாவது சாக்குச் சொல்லி வந்து நிற்பார்.

முப்பது வெள்ளை எலிகள், கூண்டுக்கு ஆறு.
தலையில் மஞ்சள், முதுகில் மஞ்சள், வாலில் மஞ்சள்,
பிக்ரிக் அமிலத்தில் நான் இட்ட பெயர்கள்.
கூண்டுக்கு ஒன்றை அப்படியே விட்டேன்.
வெறுமையும் ஒரு பெயர்தானே.

முதல் கூண்டுக்கு நலமாயிருப்பதே வேலை.
மற்ற நான்குக்கும் ஒரே ஊசியில்
சர்க்கரை நோயைக் கொடுத்தேன்.
ஆய்வேட்டில் ‘தூண்டப்பட்டது’ என்று இருக்கும்.
கொடுத்தது நான்.
இரண்டுக்கு உப்புநீர் மட்டும்.
மூன்றுக்குக் கடை மாத்திரை.
நாலுக்குச் சிறுகுறிஞ்சான்,
பாபநாசத்து அடிவார வேலியில் படர்ந்து கிடந்தது,
நிழலில் உலர்த்தி, பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடித்த
கரும்பச்சைப் பிசுக்கு.
ஐந்துக்கு அதுவே இரட்டைப் பங்கு.

இலையை நானும் மென்று பார்த்தேன்.
யாருக்கோ வேலை கிடைத்த மைசூர்பாகு அன்றைக்கு
வாயில் நெய் மணக்கும் மணல்.

உமி மாற்றுவது பிரமநாயகம் அண்ணன்.
இரண்டாம் கூண்டுக்குக் காலையும் மாலையும்.
ராத்திரிக்குள் பாட்டிலைக் காலி செய்து
அத்தனையையும் உமியில் விட்டிருக்கும்.
பதினாறாம் நாள் சொன்னார்:
“எம்மா, ரெண்டாம் கூண்டுக்கு எறும்பு
சாரை சாரையாப் போகுது. அஞ்சுக்குக் கொஞ்சம்.
நாலுல ஒண்ணுகூட ஏறல, பாத்தியளா?”

குளுக்கோமீட்டர் அதைச் சொல்ல
இன்னும் ஐந்து நாள் ஆயிற்று.
வால் நுனியில் ஒரு சொட்டு. நூற்றி முப்பத்தெட்டு.
வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்:
“இரட்டைப் பங்கு தோத்து ஒத்தைப் பங்கு ஜெயிக்குமா?
மறுபடி பாருங்க.”
செய்முறை அத்தியாயத்தில்
எறும்புக்கென்று பத்தி கிடையாது.

இருபத்தெட்டாம் நாள்.
படிவத்தில் ‘சாக்ரிஃபைஸ்’ என்றிருந்ததைக் காட்டி
அண்ணன் அர்த்தம் கேட்டார்.
பலி, என்றேன்.
“எந்தச் சாமிக்கு?”
கேலியாகக் கேட்கவில்லை.
அவர் ஊரில் அன்றைக்குக் கொடை.
விடுப்புத் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.
போகுமுன் ஐந்து கூண்டுக்கும்
புது உமி போட்டிருந்தார்,
மத்தியானத்துக்கு மேல் தேவைப்படாத உமி.

முப்பது கணையங்கள் ஃபார்மலினில் மிதக்க
கை கழுவப் போனேன்.
ஊழியர் கழிப்பறையில், பீங்கான் விளிம்போரம்
எறும்புகள்,
அவசரமில்லாமல், பழகின வீட்டுக்குப் போவதுபோல.
அந்தக் கதவைத் திறப்பவர்கள் ஏழு பேர்,
என்னையும் சேர்த்து.

டப்பாவில் ஒரே ஒரு ஸ்ட்ரிப் மிச்சமிருந்தது.
எடுத்தேன்.
காலாவதித் தேதியைப் படித்தேன்.
மூடி
திரும்ப வைத்தேன்.