ஈரம் பார்த்தல்

லினோலியத்தை உரித்தபோது
கூடவே பிய்ந்து வந்தது கறுப்புப் பசை.
பசையில் ஒட்டிய பத்திரிகைத் தாளில்
அரிசி விலை, குதிரைப் பந்தயம்,
பாதிப் பெயரோடு ஒரு மரண அறிவித்தல்.
அதற்கும் கீழே
கப்பலேறி வந்த ஓடுகள்.
காவி, கருமை, சந்தனம்.
நடுவில் எட்டிதழ்ப் பூ.
நிறம் மேலே பூசியதல்ல,
மண்ணுக்குள் மண் வைத்துச் சுட்டது.
தேய்ந்தாலும் பூ, பூவாகவே தேயும்.

ஜம்பட்டா வீதியில்
பல் கிளினிக் ஆகப்போகும் வீடு.
"அசிட் ஊத்தினா ஒருநாள் வேலைதானே" என்றார்
டொக்டர் அசரப்பா.
"அசிட் ஊத்தினா
ஓட்டுக்கு நடுவில இருக்கிற சுண்ணாம்பும் போயிரும் டொக்டர்.
பிறகு எல்லா ஓடும் ஆடும்."
ஆடும் என்ற சொல் அவருக்கு விளங்கியது.

பதினோரு நாள் முழங்காலில்.
ஜெஸீமா தும்பு பிரஷ்ஷால் தேய்ப்பாள்.
அவள் பின்னாலேயே நான்
அழுக்குத் தண்ணீரை ஒற்றி எடுப்பேன்.
காயவிட்டால் அது
ஓட்டுக்குள்ளேயே திரும்பிப்போய்ப் படுத்துவிடும்.
கமில்டஸுக்கு வாளி மாற்றும் வேலை.
முதல் நாள் தண்ணீர் கோப்பி,
ஐந்தாம் நாள் பிளேன்டீ,
பத்தாம் நாள் அதில் அவன் முகம் தெரிந்தது.
தலை சீவிக்கொண்டான்.

இனிக் குவாரி வீதியில் வாங்கிய சீலரைப் பூசினால் சரி
என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.
நான் பொலித்தீன் வெட்டினேன்.
ஓர் அடிக்கு ஓர் அடி.
நாலு ஓரமும் டேப் ஒட்டித்
தரையில் ஐந்து இடத்தில் விட்டேன்.
விடிந்து பார்த்தால்
உள்ளே முத்து முத்தாய் வியர்வை.
இந்த வீட்டுக்கு அடியில் தார் இல்லை, தகடு இல்லை,
சுண்ணாம்பு, மணல்,
அப்புறம் நேரே கொழும்பு.

மறுநாளும் வியர்வை.
அதற்கடுத்த நாள் துறைமுகப் பக்கமிருந்து மழை.
மூன்று பேர் காலையில் வந்து
பொலித்தீனைப் பார்த்துவிட்டுப்
பாணும் பருப்பும் தின்போம்.
பார்ப்பதற்கு நாட்கூலியா என்றார் டொக்டர்.
கதிரை வந்துவிட்டது, மேல் விளக்கு வந்துவிட்டது,
வெள்ளிக்கிழமை ஃபாதர் வந்து ஆசீர்வதிக்கிறார்,
இன்றைக்கே பூசு.

மூலையில் ஒரே ஒரு ஓட்டுக்குப் பூசினேன்.
இரண்டு நாளில்
பூவின் மேல் பால் ஏடு படிந்தது.
துடைத்தாலும் போகாது, அது உள்ளே.
அவர் குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.
நான் கேட்டேன்:
"ஈரப் பல்லில நீங்க அடைப்பு வைப்பீங்களா?"
பேசாமல் போனார்.
பின்னேரம் அவரே கொண்டுவந்து வைத்தார்
இரண்டு மேசைக் காற்றாடி.
வெள்ளிக்கிழமை ஃபாதர்
வாசலில் நின்றே தீர்த்தம் தெளித்தார்.
"உள்ளுக்குத் தெளிக்காதீங்க" என்று
ஜெஸீமா கை கூப்பியது
பக்தி என்று நினைத்திருப்பார்.

ஒன்பதாம் நாள் நாலு பொலித்தீன் காய்ந்தது.
படியடியில் ஒன்று மட்டும் கேட்கவில்லை.
மூடிய கிணறு இருக்கும் என்றான் கமில்டஸ்.
பக்கத்து வீட்டுக் குழாய் என்றாள் ஜெஸீமா.
தோண்டிப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை.
மெல்லிய கை, துணியால் ஒருதரம்,
மிச்சத்தை உடனே துடைத்து, இன்னொருதரம்.
படியடியை அப்படியே விட்டோம்.

பில்லில் எழுதினேன்:
சீல் செய்தது அறுநூற்றெட்டு.
செய்யாதது நாற்பத்தொன்று.
கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார்.
நாற்பத்தொன்றுக்கும் சல்லி கழித்தார்.

கடைசி செக் வாங்கப் போன அன்று
வெளியே தூறல்.
கன்னம் வீங்கிய ஒரு பொடியன்
செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வந்தான்.
கூடம் முழுக்க அவன் கால்தண்ணீர்
மணி மணியாய் மேலேயே நின்றது.
படியடிக்கு வந்ததும்
ஐந்து விரலும் குதியும்
முழுசாய்ப் பதிந்து,
அவன் வாயைத் திறப்பதற்குள்
தரை குடித்துவிட்டது.